ரசமட்டம்

படகின் பெயர் பொறுமை.
விலை பேசிய நாளில்
எங்களிடமும் கொஞ்சம் இருந்தது.

இருபத்துநான்கு மீட்டர் இரும்பு.
அறுபது வருடம் பார்லியும் உருளைக்கிழங்கும் சுமந்த வயிறு.
ஸ்நேக் ஊர் முடிகிற இடத்தில், கால்வாய்க் கரையில்
நான்கு கயிற்றில் கட்டிக் கிடந்தது.

"இங்கே அடுப்பு" என்று
சாக்குக்கட்டியால் கோடிழுத்தேன்.
"இங்கே தண்ணீர்த் தொட்டி" என்றான் விப்ரன்.
இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டின.
அன்றைய வேலை அவ்வளவுதான்.

பழைய பலகைகளைப் பெயர்த்தபோது
இரும்பு விலாக்களின் நடுவே பார்லி.
எலிகூடத் தீண்டாமல் கறுத்த மணிகள்.
எந்தத் துறையிலோ எடை போட்டு
குறைகிறதென்று யாரோ சண்டையிட்டிருப்பார்கள்.
ஒரு பிடி அள்ளி ஈரத்துணியில் முடிந்து வைத்தேன்.
முளைக்கவில்லை.
துணிதான் நாறியது.

கடையில் விற்கும் அலமாரிகள் சதுரம்.
படகில் சதுரமே இல்லை.
மேலே போகப் போகச் சுவர் வெளியே சாய்கிறது,
முன்னே போகப் போகத் தரை ஏறுகிறது,
மூலைமட்டத்தை வைத்தால்
இரண்டு விரல் நுழையும் சந்து பல்லிளிக்கிறது.
அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, வளைவாய் வெட்டி, ஒட்டி,
மறுபடி வெட்டி,
சட்டை போட மறுக்கும் ஆளுக்கு
அளவெடுக்கும் தையற்காரர்களானோம்.

பாத்திரம் கழுவும் தொட்டி
மூடிப்போன பள்ளியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.
நாற்பது யூரோ.
விளிம்பில் யாரோ ஆணியால் கீறிய பெயர்: யெப்பே.
அமிலம் தின்னாத பெயரை
சோப்பு என்ன செய்யும்.
தினமும் அவன்மேல்தான் தட்டுகளைச் சாய்க்கிறேன்.

கேஸ் சிலிண்டர் மேல்தளத்தில், தனிப்பெட்டியில்.
பெட்டியின் அடியில் ஒரு துளை, தண்ணீரைப் பார்த்து.
கசிந்தால் அது மேலே போகாது,
கீழே இறங்கிப் படகின் அடியில் படுத்துக்கொள்ளும்,
ஒரு தீக்குச்சிக்காக.
அதை மட்டும் சண்டையில்லாமல் செய்தோம்.

பிறகு மேடைப்பலகை. ஓக் மரம்.
மூன்று நாள் சீவி, ஆப்பு வைத்து, ஆப்பு எடுத்து,
ரசமட்டத்தின் குமிழி
நடுக்கோட்டில் வந்து நின்றபோது
மூச்சைக்கூட அளந்து விட்டோம்.
பதினெட்டுத் திருகு. போதாதென்று பசையும்.

மறுநாள் காலை
குடிதண்ணீர் எண்ணூறு லிட்டர் நிரப்பினோம்.
தொட்டி வலதுபக்கம்.
படகு மெல்ல வலதுபக்கம் சாய்ந்து படுத்தது,
ஒன்றும் நடக்காததுபோல.
நான் உடைக்க எடுத்து வைத்த முட்டை
ஓக் மேடைமேல் நிதானமாய் நடந்துபோய்
யெப்பேயின் தொட்டியில் விழுந்தது.

பக்கத்துப் படகின் டூவே எட்டிப் பார்த்தார்.
"ரசமட்டமா? மிதக்கிற ஒன்றிலா?"
கேட்டுவிட்டுப் போய்விட்டார்.
அன்றிரவு விப்ரன் சுக்கான் அறையில் தூங்கினான்.
எண்ணூறு லிட்டரை எழுதிக்கொடுத்தவள் நான்,
எந்தப் பக்கம் என்று எழுதாதவளும் நான்தான்.
சொல்லவில்லை.

விடிந்ததும் தரைப்பலகையைத் தூக்கி
அடியில் கிடந்த நடைபாதைக் கற்களை
வலத்திலிருந்து இடத்துக்கு மாற்றினோம்,
ஒவ்வொன்றாய், பேசாமல்.
முப்பத்தோராவது கல்லில் அவன்
"முட்டை இருக்கிறதா?" என்றான்.

அந்த நேரம் மணல் ஏற்றிய படகொன்று கடந்தது.
ஆறு இழுப்பறைகளும்
ஒரே சமயத்தில் நாக்கை நீட்டின.
கொக்கி வாங்க மறந்திருந்தோம்.
சிரிப்பை யார் தொடங்கினார்கள் என்பதில்
இன்னும் வழக்கு முடியவில்லை.

இப்போது
முட்டை வலப்பக்கம் உருண்டால் தொட்டி நிறைந்திருக்கிறது.
அசையாமல் நின்றால் பாதி.
இடப்பக்கம் உருண்டால்
இன்று தலைக்குக் குளிக்காதே என்று அர்த்தம்.

தண்ணீர் அளக்கும் கருவிக்கு
விப்ரன் பணம் கட்டியிருந்தான்; திருப்பி வாங்கிவிட்டான்.
அந்தப் பணத்தில்
கொக்கிகள் ஆறு,
முட்டை இரண்டு டஜன்.