தண்ணிக் கழிவு

மழை நாளில் கொழுந்து கனக்கும்.
கூடைக்கு ரெண்டு கிலோ தண்ணிக் கழிவு,
சாக்குக்கு ஒன்று.
இருபத்தியொரு வருசம்
மேல்பிரிவு மடுவத்தில் கழித்து எழுதியவன் நான்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் என்னை நிறுத்தபோது
தொண்ணூற்றொன்று.
கழிக்க ஒன்றும் இல்லை, செருப்பைக்கூட
வாசலில் விட்டிருந்தேன்.

சீனி எட்டிப் பார்க்கிறது என்றார் சந்திமா மிஸ்
யார் வீட்டையோ சொல்வது போல.

கொழும்பு மச்சான் ஒரு டப்பா கொண்டு வந்தான்.
வெனிலா வாசம். பகலுக்கு ஒரு கரண்டி,
ராவுக்கு ஒரு கரண்டி, சோறு கிடையாது.
மூன்று கிழமையில் எட்டுக் கிலோ!
பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன்.
நாலாம் கிழமை,
அந்திக் கொழுந்து நிறுக்கையில்
தராசு முள் இரண்டாகத் தெரிந்தது,
பிறகு கூரைத்தகரம்,
பிறகு என் வாயில் யாரோ ஊற்றிய
சீனி போட்ட பிளேன்டீ.

தீபாவளி கழிந்து பார்த்தால்
தொண்ணூற்று மூன்று.
போன எட்டும் வந்து,
கூட ரெண்டு பேரைக் கூட்டி வந்திருந்தது.
மிஸ் சிரிக்கவில்லை.
"முதலில் போனதில் பாதி தண்ணி ஐயா" என்றார்
அவருடைய தமிழில்.
எனக்குத் தெரியாதா?
தண்ணிக்குக் கழிக்கிறவன்
தண்ணியில் ஏமாந்தேன்.

"மாசம் ஒன்று, ஒன்றரை. அது போதும்."

கவ்வாத்து வெட்டுகிற சின்னையாவும் அதைத்தான் சொல்வான்:
அடியோடு வெட்டினால் மலை பார்க்கச் சுத்தமாக இருக்கும்,
செடி இருக்காது.

மூன்று ரொட்டி இரண்டானது.
கட்டசம்பல் இருந்தது, பருப்பு கூடியது,
வல்லாரைச் சுண்டலுக்குப் பத்மா தேங்காய் குறைத்தாள்,
முணுமுணுப்பைக் குறைக்கவில்லை.
தேத்தண்ணிச் சீனிதான் கடைசிவரை சண்டை போட்டது.
லொறியில் ஏறாமல் குறுக்குப்பாதையில் ஏறினேன்;
முதல் நாள் ஆறு இடத்தில் நின்றேன்,
ஆறிலும் மலையை ரசிப்பது போல் நின்றேன்.
கூடையோடு என்னைத் தாண்டிப் போனார்கள்
அதே ரெண்டு ரொட்டியில்
மலை முழுக்க ஏறி இறங்குகிறவர்கள்.

"ஐயா கரையிறாரு" என்றாள் மருதாயி,
"கரையிறதை இதுல போடுங்க.
பேருக்கு ரெண்டு கிலோ குறையுது."
மடுவமே சிரித்தது. நானும்.
அன்றைக்கு வெயில்.
என் பேனா பழக்கத்தில்
தண்ணிக்கு ரெண்டு எழுதப் போய்
நின்றது.
அதிலிருந்து வெயில் நாளில் எழுதுவதில்லை.
துரையோடு அதனால் வந்தது வேறு கதை.

பதினாலு மாசத்தில் எழுபத்தைந்து.
அன்று யாரும் மாலை போடவில்லை.
அதற்குப் பிறகுதான் கஷ்டம்
எனக்கு யாரும் சொல்லவில்லை:
குறையும்போது எல்லாரும் கேட்பார்கள்,
குறையாமல் கூடாமல் நிற்பதை
யார் கேட்கிறார்கள்?
திருவிழா, கல்யாணம், அம்மா செத்த முப்பத்தோராம் நாள்,
லயத்துக்கு லயம் பொங்கல்.
ஒன்றரை கூடும்.
டப்பாவைத் தேடாமல்
மறுநாளும் அதே குறுக்குப்பாதை.

மூன்றாவது வருசம் இது.
மாசத்து முதல் திங்கள்
மழையில் நனைந்தே கிளினிக் போகிறேன்.
"எழுபத்தைந்து. போன மாசமும் அதே."
"சட்டை ஈரம், மிஸ். தண்ணிக்குக் கழிவு இல்லையா?"
கார்டை நீட்டுகிறார்.
"அடுத்த ஆள்" என்கிறார்.