முன்கதை

திங்கட்கிழமை, காட்பாடி இரண்டாம் பிளாட்பாரத்தில்
பார்சலைப் பிரித்தேன்.
பதினாலு வருஷம் கழித்து
முதல் பாகத்துக்கும் முந்தைய கதையாம்.

நிழலுக்கு வரி போடும் அதே நகரம்.
மூன்றாம் பாகத்தில்
வெயிலில் நிறுத்தியே கொன்றார்களே இமிழன்,
இதில் அவனுக்கு ஒன்பது வயது.
யார் வீட்டுச் சுவரோரமோ
திருட்டு நிழலில் கோலி ஆடுகிறான்.

அன்று ஒரே பிரதியை
நடுமுதுகில் கிழித்து
நானும் தஹ்சீனும் பங்கு போட்டுக்கொண்டோம்.
அவன் சாவு அவள் பாதியில் இருந்தது.
பேரணாம்பட்டு பஸ்ஸில் அழுதுகொண்டே போனவள்
ஒரு வாரம் என்னிடம் மூச்சுவிடவில்லை.

இப்போது போனில் கேட்கிறாள்,
எத்தனாவது பக்கம்?

நாற்பது.

இன்று வியாழன். நாற்பதுதான்.
ஒன்பது மணி வெயில் பெஞ்சில் ஏறுகிறது.
தகரக் கூரையின் மிச்ச நிழலுக்கு
நகர்ந்து உட்காருகிறேன்,
பையனுக்கும் இடம் விட்டு.