பின்சீற்றுக்கு மேலே

மல்லாவிச் சந்தியிலிருந்து துணுக்காய்ப் பக்கம்
நூறு யார் வந்தால் என் பலகை தெரியும்:
சுகிர்தா குஷன் வேர்க்ஸ்.
ஓட்டோ சீற், ட்ரக்டர் சீற், பல் டொக்டரின் கதிரை
எல்லாம் தைத்திருக்கிறேன்.
ஏ-போர்ட்டிக் கூரை இதுதான் முதல்.

கமலேந்திரன் லாண்ட்மாஸ்ரரில் கட்டி இழுத்து வந்தான்.
கலியாண வாடகைக்கு விடப்போகிறானாம்.
"வெளியில பெயின்ற் முடிஞ்சுது அக்கா.
உள்கூரைச் சீலைதான்
பொம்பிளையின்ர கொண்டையில முட்டுது."

முட்டத்தான் செய்யும்.
சினைமாட்டு வயிறுபோல் தொங்கிக் கிடந்தது.
ஒரு தட்டுத் தட்டினேன்;
துருவும் குளவிக்கூட்டு மண்ணும்
மடி நிறையக் கொட்டின.

கழற்ற ஒரு முறை இருக்கிறது.
முதலில் பின்கண்ணாடி றப்பர்.
பிறகு கதவோரத்துச் சின்ன ஆணிகள்,
பாதி தலையில்லாதவை.
கடைசியாக வளைகம்பிகள், ஐந்து.
பார்வைக்கு ஐந்தும் ஒன்றுதான்,
இடம் மாறிப் போட்டாலோ கூரை கோணிவிடும்.
எண் போடச் சோக்கை எடுத்தால்
மூன்றாவது கம்பியில் ஏற்கெனவே
அரத்தால் மூன்று கீறல்.
எனக்கு முன்னமும் ஒரு கை இதைக் கழற்றியிருக்கிறது.

சீலையைப் புரட்டினேன்.
ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு,
தேயிலைச் சாயத்தில் தோய்த்தது.
மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில்
வேறெந்தத் துணி கிடைத்திருக்கும்?
தையல் அவ்வளவு நெருக்கம்.
நானென்றால் இத்தனை நூல் செலவழிக்கமாட்டேன்.

பின்சீற்றுக்கு மேலே, வலப்பக்க மூலையில்
ஒரு குதிக்கால்.
ஊன்றி, தள்ளி,
திரும்பவும் அதே இடத்தில் தள்ளி.
ஐந்தாம் கம்பியின் உறை அங்கே கிழிந்திருந்தது.
யாரோ வேறு நிற நூலால் மூட்டியிருந்தார்கள்.

இருந்துகொண்டு போகிறவர்கள்
காரின் கூரையைப் பார்ப்பதில்லை.
படுத்தபடி போகிறவர்களுக்கு
வழி முழுக்க அது மட்டும்தான்.
எங்கே போனது, புதுக்குடியிருப்புக்கா,
எத்தனை பள்ளம், லைற் போட்டதா போடாமலா,
பிள்ளையா, காயமா.

கமலேந்திரனிடம் கேட்டேன்.
"நான் வாங்கினது போன மாசியிலதான் அக்கா.
முன்னம் உதுக்குள்ள கோழி அடைச்சு வைச்சிருந்தவங்கள்."

பழைய சீலைதான் புதியதற்கு அளவு.
தையல் பிரித்து, தண்ணீர் தெளித்து, மினுக்கி,
புதுத் துணிமேல் விரித்து ஓரம் கீறவேணும்.
விரித்தேன்.
வலப் பின்மூலை இரண்டங்குலம் கூட நின்றது.
உதை வாங்கி வாங்கித் துணி வளர்ந்திருக்கிறது.
அந்த இடத்தில் கோட்டை உள்ளே வாங்கவேணும்,
தொழில் பழகிய முதல் மாதத்திலேயே தெரியும் அது.
சோக் கையில் இருந்தது.
வாங்கவில்லை.
ஏனென்று நிரூஜா கேட்டாள்.
கத்தரிக்கோல் மொட்டை என்றேன்.

ஓரம் முழுக்கப் பசை,
அதன்மேல் கொடிக் கிளிப் நாற்பத்தெட்டு,
கேத்திலின் மூக்கால் ஆவி.
பிறகு பின்சீற்றில் மல்லாந்து படுத்தேன்;
சுருக்கம் பார்க்க வேறு வழியில்லை.
ஆள் நீட்டிப் படுக்க இடம் காணாது.
கால் தானாக மேலே போகிறது.
போய், அந்த மூலையில்தான் நிற்கப் பார்க்கிறது.
இழுத்துக்கொண்டேன்.
பசை காயவில்லை.

கமலேந்திரன் வந்து தலையை உள்ளே விட்டான்.
"வடிவாய் இருக்கு.
உந்த மூலையில மட்டும் ஒரு சுருக்கம் கிடக்கே?"
"வெயிலில நிண்டால் எடுபடும்."

மூன்று நாள் வைகாசி வெயிலில்
என் முற்றத்தில் நின்றது.
மற்ற இடமெல்லாம் பறைத்தோல்போல் இறுகிவிட்டது.

அந்த ஒரு சுருக்கத்துக்காக
ஆயிரத்து ஐந்நூறு கழித்துக்கொண்டுதான்
காசு தந்தான்.