ஆறு நூல்

சிப்காட்டில் மூடிப்போன சாயக் கம்பெனி
ஏலத்தில் விட்டதை
இன்னாசி மாஸ்டர் எடுத்துவந்தார்,
பள்ளிக்கூட மைதானத்துக்காம்.
குட்டியானையிலிருந்து இறக்கும்போதே
செம்மண்டலம் பாதி கூடிவிட்டது.
“டிராக்டர் குட்டி போட்டிருக்கா அக்கா?”
“லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?”

உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுகிற வண்டி.
என் கைக்குப் பழக்கம் பம்புசெட்டு,
கரும்பு ஜூஸ் மிஷின், படகு எஞ்சின்.
தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
“வச்சிட்டுப் போங்க மாஸ்டர்” என்றது வாய்.

முதலில் அது யார் என்று தெரியவேண்டும்.
பானட்டில் பெயர் இல்லை.
பெயர் இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டை,
வெயில் படாத ஒரு நீளப் பச்சை.
சீட்டுக்கு அடியில் தகடு,
உப்புக் காற்று தின்றது போக மிச்சம்.
மண்ணெண்ணெயில் துடைத்து
காகிதம் வைத்து
பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன்.
ஒன்பது எழுந்தது, ஒன்று எழுந்தது, பூஜ்யம்.
கடைசி எண்
விரலுக்கு மூன்று,
கண்ணுக்கு எட்டு.

சென்னைக்குப் போன் போட்டேன்.
மூன்று என்றால்,
“அதெல்லாம் நிறுத்தி இருபது வருஷம் மேடம்.”
எட்டு என்றால்,
“அப்படி ஒண்ணு வந்ததே இல்லையே.”

வந்ததே இல்லாத வண்டியின் வயிற்றில்
எலிக்கூடு,
கார்புரேட்டரில் பிசினாய் இறுகிய பெட்ரோல்.
மோட்டார் சுற்றும் கம்பியில் ஓர் இழை உருவி
ஜெட்டைக் குத்திவிட்டேன்.
சணல் கயிற்றால் பெல்ட்டுக்குச் சுற்றளவு எடுத்தேன்.
சாவி சுவிட்சு பாண்டியில் கிடைத்தது,
ஞாயிற்றுச் சந்தையில்,
கண்ணாடி உடைந்த கடிகாரங்களுக்கு நடுவே.
நாற்பது சொன்னான்; முப்பத்தைந்துக்கு முறைத்தான்.

பிளேடு சுற்றும் தண்டில்தான் மாட்டிக்கொண்டேன்.
பேரிங்கில் எண் தேய்ந்திருந்தது.
உள்ளே சுருண்டிருந்த தகரத் துண்டை
குப்பை என்று டப்பாவில் எறிந்தேன்.
தண்டை அளந்தால் பத்தொன்பதும் துளியும்.
இருபது இருந்திருக்கும், தேய்ந்துபோச்சு
என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு
இருபது மில்லி பேரிங் வாங்கிப் போட்டேன்.
ஆடியது,
பால் பல் மாதிரி.
பதினேழு மில்லி ஏறவே இல்லை.
முதுநகருக்கு மூன்று நடை.
கெடிலம் பாலத்தில் மூன்றாவது தரம் திரும்பும்போது
ஆற்றைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
ஆற்றின் மேல் தப்பு இல்லை.

கோதண்டம் சில்லறை கேட்டு வந்தவர்,
பக்கத்துக் கடை, ஜன்னல் சட்டம் செய்கிறவர்,
காதிலிருந்த பென்சிலோடு குனிந்து
தண்டின் மேல் டேப்பை வைத்தார்.
“மில்லியில ஏன் தேடுற?
இது ஆறு நூல்மா.”
சில்லறை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு நூல்.
முக்கால் இஞ்சு.
தேயவே இல்லை அது.
நான்தான் வேறு அளவில் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போது நினைவு வந்தது தகரம்.
டப்பாவைக் கவிழ்த்து, ஆணி, பிசிறு, வாஷருக்குள்
தேடி எடுத்தேன்.
பவுடர் டப்பாவில் வெட்டிய பட்டை.
எண்ணெயைத் துடைத்தால்
ஒரு பெண்ணின் பாதி நெற்றி,
ஒரு புருவம்.
தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையில்
இரண்டு சுற்று; சரியாக அந்த இடைவெளிக்கு.
எந்த ஷிப்டிலோ எவனோ
இதே இருபதை வாங்கி
இதே ஆட்டத்தைப் பார்த்து
வீட்டிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறான்.
அவள் கேட்டிருப்பாள், பவுடர் எங்கே என்று.

நான் கிரீஸ் டப்பாவை வெட்டினேன்.
இரண்டு சுற்று.
சுத்தியலால் ஒரு தட்டு. நின்றது.
பானட்டின் உள்பக்கம் ஆணியால் கீறிவைத்தேன்:
ஆறு நூல்.
அடுத்து திறக்கிறவர் எந்த ஊரோ.

பில்லில் மாடல் என்ற கட்டத்தில்
கொஞ்சநேரம் பேனா நின்றது.
பிறகு ‘புல்லு வண்டி, பச்சை’ என்று எழுதினேன்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாஸ்டர் ஓட்டினார்,
விசிலை வாயிலிருந்து எடுக்காமல்.
இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் புல்
வெட்டாமல் விட்டுக்கொண்டே போகிறது.
அந்த பிளேடைத் திரும்பவும் பார்க்கவேண்டும்.
எங்கிருந்தோ ஏழெட்டுக் கொக்குகள் இறங்கி
ஏருக்குப் பின்னால் நடக்கிற மாதிரி
பூச்சி பொறுக்கிக்கொண்டு
பின்னாலேயே நடந்தன,
மூன்றா எட்டா என்று கேட்காமல்.