லெமினேட் செய்த அட்டை

செவ்வாய் பின்னேரம் ஐந்தரை.
கோயில் மண்டபத்தில் பிங்பொங் மேசைதான் வங்கி.
வலை கிழிந்து வருஷங்களாகிறது,
நடுக்கோடு மட்டும் வெள்ளையாய்க் கிடக்கிறது.
அந்தப் பக்கம் சிஸ்டர் பெனடிக்டா, கொப்பி, மை வற்றிய முத்திரை.
இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர்,
ஆளுக்கு ஆள் பிணை.

காணி உறுதி இல்லை. நகை, அடகுக் கடையில்.
சம்பளச் சீட்டை ஒருத்தியும் கண்ணால் கண்டதில்லை.
"அப்ப உங்களிட்ட என்னதான் இருக்கு?"
முதல் நாள் ஃபாதர் கேட்டார்.
எஸ்லின் அக்கா சொன்னா:
"ஒருத்திய ஒருத்திக்குத் தெரியும் ஃபாதர்.
எந்த வீட்டில எந்தச் சட்டி கவிழ்ந்து கிடக்கு என்டும் தெரியும்."
அதையே ஈடாக எழுதிக்கொண்டார்கள்.

இலவசம் என்று வந்தவர்கள்
முதற் கூட்டத்தோடு நின்றுவிட்டார்கள்.
வட்டி உண்டு.
ஆனால் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வந்து
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
பிள்ளைகளின் பெயரை விசாரிக்கிற வட்டி அல்ல.

என் நாற்பதாயிரம்
அளுத்கடை நீதிமன்றத்துக்கு எதிரே
ஒரு குடைக்குக் கீழே சூடேறி நிற்கிறது.
பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ்,
தொலைந்த அடையாள அட்டைக்குப் பொலிஸ் துண்டு.
ஒரு பக்கம் எண்பது ரூபாய்.
இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவே தம் பெயரை வைத்து
சுடச்சுட வாங்கி ஊதுகிறார்கள்,
இடியப்பம் ஊதுவதுபோல.
விவாகரத்துத் தீர்ப்போடு வந்த ஒருவர் மட்டும்
கொஞ்சம் யோசித்து, மடித்து,
"வேணாம், இது கிழிஞ்சாலும் பரவாயில்ல" என்று போய்விட்டார்.

பெருமை யாரை விட்டது?
பதினோராம் தவணை கட்டிய மறுநாள்
என் கடன் அட்டையையும் மெஷினுக்குள் தள்ளினேன்.
அடுத்த செவ்வாய் சிஸ்டரின் பேனா அதில் வழுக்கியது.
"பதினொன்டோட கடன நிப்பாட்டிட்டா!"
மண்டபமே சிரித்தது.
சிஸ்டர் சிரிக்கவில்லை. மார்க்கரைத் தேடி எடுத்தா.

அந்த மாதந்தான் சந்திரவதனி வராமற்போனாள்.
தோசைமா அரைத்துப் பையில் கட்டி விற்பவள்.
அவள் தவணை ஆயிரத்து நூற்றைம்பது.
நால்வருக்குப் பிரித்தால்
இருநூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது சதம்.
ஐம்பது சதத்தை இப்போது யார் கண்டது?
மூன்று பேர் இருநூற்று எண்பத்தேழை வைத்தார்கள்.
மிச்ச இரண்டு ரூபாய் என் தலையில்.
மூன்று கிழமையும் அப்படித்தான்.
சொல்ல வெட்கம்:
இருநூற்று எண்பத்தேழு வலிக்கவில்லை.
அந்த இரண்டு ரூபாய்தான்
கொட்டாஞ்சேனை வரை பஸ்ஸில் கூடவே வந்தது.

சண்டைக்கென்றே போனேன்.
கிரைண்டர் காய்ந்து கிடந்தது. அதன் மூடிமேல்
மகளின் கணக்குக் கொப்பி விரித்திருந்தது.
பில் கட்டவில்லையென்று கரண்ட்டை வெட்டிவிட்டார்களாம்.
தேத்தண்ணி ஊற்றினாள்.
கேட்க வந்ததை விழுங்கிவிட்டு
சீனி காணாது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கிரைண்டரை ஓட்டோவில் ஏற்றி
எஸ்லின் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனோம்.
கல்லை மடியில் வைத்துக்கொண்டு போனது நான்.
எஸ்லின் அக்கா மீன் கட்லட் பொரிக்கிறவ.
வெள்ளிக்கிழமை விரதக்காரர் ஒருவர்
மாவில் மீன் வாசம் என்று முறையிட்டார்.
அதற்குப் பிறகு வியாழன் இரவில் கட்லட் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து
அவரவர் காசைத் திருப்பினாள் சந்திரவதனி.
மற்ற மூவருக்கும் எண்ணூற்று அறுபத்தொன்று.
எனக்கு எண்ணூற்று அறுபத்தேழு.
யாரும் அவளிடம் சொன்னதில்லை.
நான் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுபோல் எண்ணிப் பார்த்தேன்.

மார்க்கர் நிற்பதில்லை.
பன்னிரண்டும் பதின்மூன்றும் வியர்வையில் கரைந்து
கட்டைவிரலில் கறுப்பாய் ஒட்டுகின்றன.
ஒவ்வொரு செவ்வாயும் சிஸ்டர்
பன்னிரண்டிலிருந்து திரும்ப எழுதுகிறா.