உபயம்

மாவு மில் மாடியில் எங்கள் சங்கம்.
கீழே மிளகாய் அரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்
தீர்மானங்கள் தும்மலோடு நிறைவேறும்.

கொருக்குப்பேட்டை கேட்டோர நண்பர்கள் சேவை சங்கம்.
உறுப்பினர் முப்பத்தோரு பேர்,
சந்தா பாக்கி இல்லாதவர் நால்வர்.
கண் பரிசோதனை முகாம், பிள்ளைகளுக்கு நோட்டு,
ஆடிக் கூழுக்கு அண்டா,
வெள்ளம் வந்த வருஷம் எட்டு நாள் உப்புமா.
அவ்வளவுதான் எங்கள் சரித்திரம்,
அந்தப் பெட்டி வரும்வரை.

வெயிலில் சாகிறவர்களுக்கு
ஃப்ரீசர் பெட்டி வாடகை நாளுக்கு மூவாயிரம்,
குவைத்திலிருந்து மகன் வந்து சேர ரெண்டு நாள் என்று
எழுந்து நின்று கணக்குச் சொன்னாள் ஏகவல்லி.
காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுப்பவள்.
"மீனுக்கு ஐஸ் போடறோம், மனுசனுக்குப் போட மாட்டமா?"
அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை.

பணம் தேசிங்கு அண்ணன் தந்தார்.
பழைய இரும்பு வியாபாரம்.
பெயர் மட்டும் பெரிசாக இருக்க வேண்டும் என்றார்.
இருந்தது.
கண்ணாடி மூடிக்குக் கீழே சிவப்பில், முழ நீளத்துக்கு:
உபயம் இரா. தேசிங்கு.
அதன் கீழே சின்னதாய்ச் சங்கம்,
இன்னும் சின்னதாய் என் செல் நம்பர்.

முதல் மாதமே ஆரம்பித்தது.
ராத்திரி ரெண்டு மணிக்கு போன்:
"சார், தேசிங்கு கீதா?"
இல்லப்பா, தண்டையார்பேட்டை போயிருக்கு, காலைல வந்துடும்.
"தேசிங்க கொஞ்சம் கழுவி அனுப்புங்க சார்."
"எங்க மாமனார் ஆறடி. தேசிங்கு பத்துமா?"

மீன்பாடி வண்டியில் போகும் தேசிங்கு.
சரக்கு ரயிலுக்கு கேட் மூடினால்
ஷேர் ஆட்டோவுக்கும் தண்ணி லாரிக்கும் நடுவே
காத்து நிற்கும்.
காலிப் பெட்டிதான்,
ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

அதே கேட்டில்
ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றியபடி
அண்ணனும் நிற்பார், உயிரோடு.
டீக்கடைக்குள் நுழைந்தால்
"யார் வூட்லண்ணா?" என்று கேட்டுக் கிளாஸை வைப்பார்கள்.
கல்யாணப் பத்திரிகைகள் இப்போதெல்லாம்
அவர் சம்சாரம் பேருக்குத்தான் வருகின்றன.

தீர்மானம் எண் பதினேழு:
பெட்டியிலிருந்து பெயரை நீக்குவது.
முன்மொழிந்தவர், நன்கொடையாளர்.
தின்னர் ஊற்றி நான்தான் தேய்த்தேன்.
தே போனது, சி போனது.
ங்கு மட்டும் ஒரு வாரம் பிடிவாதமாக இருந்துவிட்டுப் போனது.
அவர் பெயரை பஸ் ஸ்டாப் குடிநீர்த் தொட்டியில் எழுதினோம்.
தொட்டியைத் தொட்டி என்றுதான் சொல்கிறார்கள்.
பெட்டியைத் தேசிங்கு என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த மே மாதம் டிரான்ஸ்பார்மர் வெடித்த ராத்திரி
தண்டவாளத்தோரக் குடியிருப்பில்
லோடுமேன் யேசுபாதம் போய்விட்டான்.
கரண்ட் இல்லாத இடத்தில்
பெட்டி வெறும் பெட்டி.
அண்ணன் கடையில் ஒரு ஜெனரேட்டர் கிடப்பது ஞாபகம் வந்து
போன் போட்டேன். எடுக்கவில்லை.
மறுபடி. எடுத்தார்.
நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்.

ஒரு மணிக்கு
சந்து முனையில் டெம்போ.
பனியன், லுங்கி, ரெண்டு கடைப் பையன்கள்.
பெட்டியின் தலைமாட்டை அவரே பிடித்திருந்தார்.
கைக்குக் கை தெரியாத இருட்டு.
யேசுபாதம் சம்சாரம்
முகத்தைத் தூக்காமல் கேட்டாள்:
"யாரு, தேசிங்கா?"

எனக்கு வாய் எழவில்லை.
பையன்களும் அப்படியே நின்றுவிட்டார்கள்.
அண்ணன் தொண்டையைச் செருமினார்.
"ஆமாம்மா.
தேசிங்குதான்.
வந்துட்டேன்."

பதிவேட்டில் வரிசை எண் நூற்றுப் பதினாறு.
கொண்டுபோனவர் என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன்.
பொருள் என்ற கட்டத்துக்கு வந்து
கொஞ்சம் யோசித்து
அதையே எழுதினேன்.

டீசல் ஆறு லிட்டர்.
பில் இன்னும் தரவில்லை.