பெயருக்கு எதிரே உள்ள கட்டம்

மரெயோத்திஸ் ஏரிக்கரை. கணக்கெடுப்பு மாதம்.
கொசு அடித்த கையாலேயே எழுதுகிறேன்.
பப்பைரஸில் அங்கங்கே சிவப்பு.

எருசலேம் கோவில் எரிந்த பிறகு
யூதத் தலை ஒன்றுக்கு எட்டுத் திராக்மா.
ஆகவே ரோமாபுரிக்குத் தெரிந்தாக வேண்டும்:
மேட்டில் குடிசை போட்டுக்கொண்டு
ஆறு நாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல்
இருக்கிறார்களே, அவர்கள் யார்?

சுங்கச்சாவடியில் ஆளுக்கொரு வாய்.
கடன்காரர்கள், என்றான் திராட்சைத் தோட்டத்து மேஸ்திரி,
வரிக்குப் பயந்து சதுப்பில் ஒளிகிற கூட்டம்.
ஒளிகிறவன் விடியலில் எழுந்து
கிழக்கே கைநீட்டி நிற்பானா என்றேன்.
அப்படியானால் சூரியனைக் கும்பிடுகிறவர்கள், முடிந்தது, என்றான்.
முசிறி வரை போய் மிளகோடு திரும்பிய மாலுமி:
"அந்தக் கரையில் பார்த்திருக்கிறேன்,
சும்மா இருப்பதையே வேலையாகச் செய்கிறவர்களை.
அதே ஜாதி."
உப்பு விற்பவள் குரலைத் தாழ்த்தினாள்:
சிலுவையில் செத்தவன் எழுந்தான் என்று
சொல்லித் திரிகிறார்களே, அவர்கள்.
மூலையில் இருந்தவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்:
அப்படி யாருமே இல்லை.
நகரத்துச் சத்தம் தாங்காத எவனோ ஒருத்தன்
எழுதிப் பார்த்த ஊர் அது.

இல்லாதவர்களிடம் வரி வாங்க
இன்னும் எங்களுக்கு உத்தரவு வரவில்லை.
மேடேறினேன்.

கதவு திறந்தவள் டோசித்தேயா.
வயது நாற்பத்தொன்று. இடது புருவத்தில் தழும்பு.
(எங்கள் படிவத்தில் தழும்புக்கு இடம் உண்டு.)
கையில் சுருள்; விட்ட வரியில் விரல்.
யூதப் பெண்தானே?
"ஏழாம் நாள் வாருங்கள். இன்று மூன்றாம் நாள்."
தொழிலாவது சொல்லம்மா.
கிரேக்கத்தில் ஒரே ஒரு சொல் சொன்னாள்.
வைத்தியம் பார்ப்பவள் என்றும் அதற்குப் பொருள்,
தொழுது பணி செய்பவள் என்றும் பொருள்.
வைத்தியருக்கு விலக்கு உண்டு.
எது என்று கேட்பதற்குள்
கதவு சாத்திக்கொண்டது, கோபமில்லாமல்.

நகரத்தில் அவள் தம்பி தெவோபிலோஸ்,
கண்ணாடிக் குப்பி வியாபாரி:
"அக்கா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.
நிலம், வீடு, அம்மாவின் வளையல்
எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் செத்தாள்."
நேற்றுப் பார்த்தேனே.
"நானும்தான் கேட்கிறேன்.
ஐம்பதாம் நாள் இரவெல்லாம் பாடுவார்கள்.
துடுப்பை எடுத்துப் படகில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.
ஆண் குரலும் பெண் குரலும் கலக்கும் வரைக்கும்
இது அவள் என்று தெரியும்.
பிறகு தெரியாது."
எட்டுத் திராக்மாவை எண்ணி வைத்தான்.
யாருக்காக என்று எழுத?
"அது உம்முடைய வேலை."

விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்தேன்,
இஸிடோரோஸ் என்றும் அழைக்கப்படும் பாவேசிஸ்,
அலுவலகத்தில் கிரேக்கன், அம்மா கூப்பிட்டால் எகிப்தியன்,
தன் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தை
மூன்று கணக்கெடுப்பாகத் தள்ளிப்போடுகிறவன்.

டோசித்தேயா. நாற்பத்தொன்று. தழும்பு.
வரி: செலுத்தப்பட்டது.
இனம் என்ற கட்டத்தில்
ஒரு கொசு வந்து உட்கார்ந்தது.
அடித்தேன்.
சிவப்பு.
யாரைக் கடித்துவிட்டு வந்ததோ.